வெளியே எட்டரை, உள்ளே ஏழரை

உங்கள் வண்டியின் டயர் உட்கார்ந்திருக்கும் ரிம் எத்தனை அங்குல அகலம்? யோசிக்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்.

தெரியாது. வண்டியின் நிறம் தெரியும், எந்த வருடத்து மாடல் என்று தெரியும், பின்சீட்டில் எங்கே கிழிந்திருக்கிறது என்றுகூடத் தெரியும். இந்த ஒரு எண் மட்டும் தெரியாது. சரியாக இருக்கிற வரைக்கும் யாருக்கும் அது தேவைப்படுவதில்லை. தப்பாகிப்போன அன்று "நேரம் சரியில்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நேரத்தின் மேல் பழி போடுவதில் ஒரு வசதி இருக்கிறது: அது எழுந்து வந்து மறுத்துப் பேசாது.

அந்த எண்ணைத் தப்பாக எழுதிவிட்டு, எழுந்து வந்து பேசிய ஒருவர் இருக்கிறார். வயது நாற்பத்தேழு. ஊருக்குள் அவருக்கு டேப்பக்கா என்று பெயர். இடுப்பில் எப்போதும் ஒரு இரும்பு டேப் செருகியிருக்கும். எட்டுப் பேர் உட்காரும் அறையில் அவர் மட்டும் நின்றுகொண்டிருப்பார். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு அவர் வைத்திருக்கும் பதில், "மணமேடையில ரெண்டு மணி நேரம் உக்காரணுமே, என்னால முடியாதுங்க."

சாலை மலையேறத் தொடங்குவதற்கு முந்தைய கடைசித் தெருவில் ஒரு டயர் கடை. தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த சிமெண்டுத் தரை, நாள் முழுக்க இருமிக்கொண்டிருக்கும் ஒரு காற்று இயந்திரம். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் அங்கே பில் எழுதுவதற்காகச் சேர்ந்தார். சேர்ந்த முதல் வாரத்திலேயே முதலாளியின் மேசையில், டீ கிளாஸுக்கு அடியில் ஒரு காகிதத்தைப் பார்த்தார். முழுக்க எண்கள்.

"இது என்ன முதலாளி?"

"டயர் கம்பெனிக்காரன் குடுத்தது. சும்மா."

சும்மா கொடுத்த காகிதத்தில் ஒவ்வொரு டயருக்கும் எதிரே இரண்டு எண்கள் இருந்தன. ரிம்மின் அகலம் குறைந்தது இவ்வளவு இருக்கணும், அதிகம் போனால் இவ்வளவு. டீக்கறையோடு அதை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் ஒட்டினார். அதற்குப் பிறகு பில் எழுதுகிற நேரத்தைவிட டயரோடு நிற்கிற நேரம் அதிகமாகிவிட்டது. பத்து வருடத்தில், மலைக்கும் மணலுக்கும் பெரிய டயர் மாட்ட வருகிறவர்கள் முதலாளியைத் தாண்டிக்கொண்டு நேராக அவரிடம் போனார்கள்.

முக்கால்வாசிப் பேர் இளவட்டங்கள். அவர்களோடு நடக்கும் பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"அக்கா, பன்னெண்டு இஞ்சு ரிம் போடுங்க. வெளிய துருத்திட்டு நிக்கணும்."

"டயர் பத்தரைதான் தம்பி. அதைப் பன்னெண்டு ரிம்ல இழுத்து மாட்டினா, சின்னச் சட்டையில பெரிய வயித்தை அடைச்ச மாதிரி நிக்கும். எந்த பட்டன் எப்பத் தெறிக்கும்னு தெரியாது."

"பார்க்க நல்லா இருக்கும்ல?"

"இருக்கும். மலையில கல்லு வந்து முதல்ல டயர்ல இடிக்கணும். உன் ரிம் வெளிய நீட்டிட்டு இருந்தா அதுலதான் இடிக்கும். மணல்ல காத்தைக் குறைப்பேல்ல, அப்ப டயர் ரிம்மை விட்டுக் கழண்டு தனியாப் போகும்."

"கெத்துக்காகக் கேக்குறேன் அக்கா."

"சரி. தள்ளிட்டு வரும்போதும் கெத்து குறையாமப் பார்த்துக்க."

அவரிடம் இருந்தது எளிமையான வழிதான். அட்டவணையில் இருக்கும் இரண்டு எண்களுக்கும் நடுவில் நில். தார்ச்சாலையிலேயே ஓடுகிறவன் வேண்டுமானால் அகலப் பக்கம் கொஞ்சம் போகலாம். மலைக்கும் சேற்றுக்கும் போகிறவன், காற்றைக் குறைத்து ஓட்டுகிறவன், நடுவிலிருந்து அரை அங்குலம் குறுகலான பக்கம் வரட்டும்; ரிம் டயரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கீழ் எண்ணைத் தாண்டி ஒரு நூலளவும் இறங்காதே. இறங்கினால் டயரின் இரண்டு கன்னங்களும் நெருங்கி, நடுமுதுகு கூன் போட்டு எழும்பும். பன்னிரண்டரை அங்குல டயர், நடுவில் ஒரு கயிறு மாதிரி மெல்லிசாகத் தரையைத் தொட்டுக்கொண்டு ஓடும். வளைவில் வண்டி தன் கன்னங்களின் மேல் சாய்ந்து ஆடும்.

இதையெல்லாம் ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர்தான் தப்புச் செய்தார். அது எப்படி நடந்தது என்பதற்கு அந்தக் கடையின் ஒரு பழக்கம் தெரிய வேண்டும்.

ரிம்மின் அகலத்தை உள்ளே அளக்க வேண்டும். டயரின் விளிம்பு போய் உட்காரும் இரண்டு பள்ளங்களுக்கு நடுவில் இருப்பதுதான் அகலம். ஆனால் கடைக்கு வரும் ரிம்கள் பெரும்பாலும் பழைய டயரோடு வரும். உள்ளே டேப் போகாது. அதனால் ரிம்மின் மடிந்த ஓரத்தில், வெளி உதட்டிலிருந்து வெளி உதடு வரைக்கும் டேப்பைப் பிடிப்பார்கள். உதடுகளின் தடிமன் சேர்ந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடுதலாகக் காட்டும். அதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள்: அளக்கிறவர் டேப்பில் தெரிவதை உரக்கச் சொல்வார், எழுதுகிறவர் ஒன்றைக் கழித்துக்கொண்டு எழுதுவார். டேப்பக்கா அளப்பார், கடையில் டயர் மாட்டும் ஃபிட்டர் எழுதுவார். பதினைந்து வருடங்களாக இப்படித்தான். யாரும் இதை ஒரு விதியாக எழுதி வைக்கவில்லை. கைப்பழக்கம்.

கான்ட்ராக்டர் வந்த அன்று ஃபிட்டருக்குக் காய்ச்சல்.

மலைமேல் இருக்கும் கல்குவாரிக்கு ஆட்களை ஏற்றிப் போக மூன்று ஜீப்புகளை வாடகைக்கு விட்டிருப்பவர் அந்தக் கான்ட்ராக்டர். மழைக்காலத்தில் ஜீப்புகள் சேற்றில் புதைந்து, வேலைநேரம் வீணாகிறது என்று குவாரிக்காரர்கள் அவரைக் குடைந்திருக்கிறார்கள். அவர் பெரிய டயர்கள் வாங்கிவிட்டார். முப்பத்து மூன்று அங்குல உயரம், பன்னிரண்டரை அகலம். கூடவே எங்கிருந்தோ பிடித்து வந்த பன்னிரண்டு பழைய ரிம்கள், பழைய டயர்களோடு. வெளியே கொட்டுகிற மழை. மூன்று ஜீப்புகளும் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. கான்ட்ராக்டர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

டேப்பக்கா தானே அளந்தார், தானே எழுதினார். டேப்பில் எட்டரை தெரிந்தது. வெள்ளைப் பெயிண்டால் ரிம்மில் எட்டரை என்று எழுதினார். ரிஜிஸ்டரிலும் எட்டரை. சுவரில் இருந்த அட்டவணை அந்த டயருக்கு எட்டரையிலிருந்து பதினொன்று வரை என்றது.

"ஓரத்துல நிக்குதுங்க" என்று கான்ட்ராக்டரிடம் சொன்னார். "ஒன்பது, ஒன்பதரை வாங்கியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"எட்டரை போதும்னு உன் சுவரே சொல்லுதும்மா. நீ என்ன சுவரைவிடப் பெரிய ஆளா? மாட்டு, மாட்டு."

மாட்டினார். எழுதுகிறவர் கழிக்க வேண்டிய ஒன்றை அன்று யாரும் கழிக்கவில்லை. ரிம்கள் உண்மையில் ஏழரை.

மூன்று ஜீப்புகளில் ஒன்றை ஓட்டுகிறவர் அவருடைய தம்பி. பன்னிரண்டு வயது இளையவர். ஒரே வீட்டில், மாடியில் தம்பியும் மனைவியும், கீழே அக்கா. இரண்டாவது நாளே தம்பி சொன்னார்.

"அக்கா, வண்டி என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. நான் திருப்புறேன், அது கொஞ்சம் யோசிச்சிட்டுத் திரும்புது."

"பெரிய டயருடா. பழகணும். காத்து எவ்வளவு வெச்சிருக்க?"

"நீ சொன்னதுதான்."

"ரெண்டு குறைச்சுப் பாரு."

குறைத்தார். இன்னும் மோசமாக ஆடியது. மறுபடி ஏற்றினார். நாலு வாரம் இப்படியே போனது. அக்கா சொல்லிவிட்டால் தம்பிக்கு அதற்குமேல் பேச்சு இல்லை. ஊரே கேட்கிற ஆளிடம் வீட்டில் இருக்கிறவன் எப்படி எதிர்த்துப் பேசுவான்?

ஐந்தாவது வாரம், ஒரு காலை, மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்றாவது வளைவில் ஜீப் சறுக்கி, பக்கவாட்டில் போய், வடிகால் பள்ளத்தில் சாய்ந்து நின்றது. உள்ளே பதினோரு பேர். கல்லுடைக்கிற ஓர் அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. வண்டி வடிகால் பக்கம் போகாமல் பள்ளத்தாக்குப் பக்கம் போயிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு விதமாகத்தான் எழுதியிருக்க வேண்டும்.

அன்று மதியமே கான்ட்ராக்டரிடம் இரண்டு விளக்கங்கள் தயாராக இருந்தன. குவாரி ஆட்களிடம் போய், "நேரம் சரியில்லம்மா, என்ன பண்றது, உயிர் தப்பிச்சதே பெரிசு" என்றார். வாகன ஆய்வாளரிடம் போய், "டிரைவர் கவனக்குறைவு, போன் பேசிக்கிட்டே ஓட்டியிருக்கான்" என்றார். அடிபட்டவர்களுக்கு விதி, அதிகாரிக்குக் குற்றவாளி. ஆளுக்குத் தகுந்த மாதிரி ஒரு காரணம். இந்த ஏற்பாடு புதிதல்ல. கூரை விழுந்தாலும் படகு கவிழ்ந்தாலும் இதே இரண்டு பொட்டலங்களைத்தான் பிரிப்பார்கள். இரண்டிலும் ஒருவர்கூட அந்தப் பொருளைக் குனிந்து பார்க்க மாட்டார்கள்.

தம்பியிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஆறு நாள் கழித்துக் குவாரி வாசலில் விசாரணை. டிரைவர் தவறு என்று எழுதினால் லைசென்ஸ் போய்விடும். ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்து வேலை செய்து அறியாத மனிதர்.

டேப்பக்கா மறுநாளே மலைக்கு நடந்தார். பஸ் இருந்தது, பஸ்ஸில் உட்கார வேண்டும். பள்ளத்திலிருந்து தூக்கி வந்த ஜீப் குவாரி வாசலில் நின்றிருந்தது. ஆய்வு முடியும் வரை தொடக்கூடாது என்று காவலாளி சொன்னார். "தொடல, பார்க்குறேன்" என்றார். குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார். புது டயரில் மயிர் மாதிரி சின்னச் சின்ன ரப்பர் இழைகள் முளைத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். ஐந்து வாரம் கல்பாதையில் ஓடிய டயரில் அவை எப்போதோ உதிர்ந்திருக்க வேண்டும். நடுவில் உதிர்ந்திருந்தன. உதிர்ந்து, அந்தப் பகுதி மொழுமொழுவென்று தேய்ந்தும் இருந்தது. இரண்டு ஓரங்களிலும் இழைகள் அப்படியே, கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி நின்றன. ஓரங்கள் தரையைத் தொட்டதே இல்லை.

ஓட்டமும் நடையுமாகக் கீழே இறங்கி, கடைக்குப் போய் ரிஜிஸ்டரைப் புரட்டினார். அந்தத் தேதி. அளந்தவர் என்ற இடத்தில் அவருடைய கையெழுத்து. எழுதியவர் என்ற இடத்திலும் அவருடைய கையெழுத்து. அதற்கு முன்னாலும் பின்னாலும் எந்தப் பக்கத்திலும் அப்படி இல்லை.

அந்த ஆறு நாட்களில் அவர் எப்படி இருந்தார் என்பதைத் தம்பி மனைவி பிறகு சொன்னார்: "சோறு தட்டோட நடந்துட்டே இருந்தாங்க. ஒரு வாய் வாசல்ல, ஒரு வாய் கொல்லையில. தரை தேஞ்சு போச்சு." வீட்டின் கதவுகளை அளந்தார், ஜன்னல்களை அளந்தார், அளந்ததையே மறுபடி அளந்தார். உள்ளேயும் வெளியேயும் தனித்தனியாக.

மூன்றாம் நாள் முதலாளியிடம் சொன்னார். முதலாளி கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். நிறையக் கெட்ட காரியங்கள் இவர்களால்தான் நடக்கின்றன.

"நீ வாயைத் திறந்தா கடைக்குப் பூட்டுதாம்மா."

"பதினோரு பேர் முதலாளி."

"எல்லாரும் உயிரோடதானே இருக்காங்க? உன் தம்பிக்கு இந்த வண்டி இல்லன்னா வேற வண்டி. எனக்கு வேற கடை கிடைக்குமா?"

"மிச்சம் ரெண்டு ஜீப்பு அதே ரிம்லதான் இன்னைக்கும் ஏறி இறங்குது."

முதலாளி ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்தார். "பக்கம் ஒண்ணு காணாமப் போனா யாருக்கும் தெரியாது."

"கிழிங்க. ரிம்முல பெயிண்ட்ல எழுதினதை என்ன பண்ணுவீங்க? அதைவிடுங்க, ரிம்மை என்ன பண்ணுவீங்க? நாளைக்கு அது வளர்ந்துடுமா?"

முதலாளி ரிஜிஸ்டரை மூடினார். கிழிக்கவில்லை. "என்னமோ பண்ணு. ஆனா நான் சொல்லிப் பண்ணேன்னு சொல்லாத."

வீட்டில் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. தம்பி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அக்கா கீழ்ப்படியில் நின்றபடி சொல்லி முடித்தார்.

"ரெண்டாவது நாளே சொன்னேனே அக்கா."

"சொன்னடா."

"பழகணும்னு சொன்ன."

"ஆமா."

"அஞ்சு வாரம் எனக்கு ஓட்டத் தெரியலன்னு நானே நம்பிட்டேன்."

மனைவி உள்ளேயிருந்து வந்தார். "அண்ணி, நீங்க போய்ச் சொன்னா உங்க வேலையும் போயிடும். ரெண்டு பேரும் வீட்லயே உக்காந்திருந்தா எப்படி?"

"எனக்கு உக்காரவே வராதும்மா, அந்தக் கவலை வேண்டாம்."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடு சிரித்தார். "சொல்லாத அக்கா. நான் போன் பேசலன்னு மட்டும் சொல்றேன். நம்புனா நம்பட்டும்."

"உன்னை நம்பணும்னு எதுக்குடா கேக்கணும்? அளந்து பார்க்கச் சொல்லு. நம்பிக்கைக்கு அங்க என்ன வேலை?"

விசாரணை நாள் வெயில் அடித்தது. குவாரி வாசலில் லாரிகளை எடை போடும் சிமெண்டு மேடை காய்ந்து வெளுத்திருந்தது. பக்கத்தில் ஒரு மேசை, ஆய்வாளர், ஒரு அச்சிட்ட படிவம். டிரைவர், சாலை, வானிலை, வண்டியின் நிலை என்று நாலு கட்டங்கள். கான்ட்ராக்டர் வெள்ளைச் சட்டையில் முதல் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தார், வாயால்தான். குவாரி ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

கட்டுப்போட்ட கையோடு அந்த அம்மாதான் முதலில் குறுக்கே பேசினார். "அய்யா, எங்ககிட்ட நேரம் சரியில்லன்னாரு. உங்ககிட்ட டிரைவர் சரியில்லங்கிறாரு. ரெண்டுல எதுங்க சரியில்ல? ஒண்ணைத் தீர்த்துச் சொன்னா நாங்களும் அதையே சொல்லிக்குவோம்."

கூட்டத்தில் சிரிப்பு. கான்ட்ராக்டர் திரும்பி முறைத்தார். அந்த நேரத்தில் டேப்பக்கா மேடைமேல் ஏறினார். கையில் சாக்பீஸ், இடுப்பில் டேப், தோளில் இரண்டு நீள நெம்புகோல்.

"அய்யா, ஓடிக்கிட்டிருக்கிற இன்னொரு ஜீப்பை இந்த மேடைமேல ஏத்தச் சொல்லுங்க. பத்து நிமிஷம்."

"நீங்க யாரும்மா?"

"இந்த டயரெல்லாம் மாட்டினது நான்தான்."

ஆய்வாளருக்கு ஆர்வம் வந்துவிட்டது. ஜீப் மேடைக்கு வந்தது. டேப்பக்கா முன்டயரின் மேல் குறுக்காக, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் சாக்பீஸால் தடிமனாக ஒரு கோடு போட்டார். "நாலு பேர் வாங்க, தள்ளுங்க. நேரா." தள்ளினார்கள். சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றியது. குனிந்து காட்டினார். கோட்டின் நடுப்பகுதி அழிந்துபோயிருந்தது. இரண்டு பக்கமும் கோடு போட்டபடியே வெள்ளையாக நின்றது.

"டயர் பன்னெண்டரை இஞ்சு. தரையில படுறது இவ்வளவுதான்" என்று அழிந்த இடத்தில் விரலை வைத்து அளந்து காட்டினார். ஒரு சாண்கூட இல்லை.

"காத்து ஜாஸ்தியா இருக்கும்" என்றார் கான்ட்ராக்டர்.

"எவ்வளவு குறைக்கணும்? நீங்களே சொல்லுங்க."

அவர் ஒரு எண் சொன்னார். டேப்பக்கா காற்றை இறக்கினார், மறுபடி கோடு போட்டார், தள்ளச் சொன்னார். அழிந்த இடம் கொஞ்சம் அகன்றது. ஓரங்கள் இன்னும் வெள்ளை. பிறகு ஒரே ஒரு ஆளைக் கூப்பிட்டு வண்டியைப் பக்கவாட்டில் தோளால் முட்டச் சொன்னார். ஜீப், டயரின் கன்னங்கள் மேல் தொட்டில் மாதிரி ஆடியது.

"இப்படி ஆடுற வண்டியை அஞ்சு வாரம் கவுக்காம ஓட்டினவன்தான் கவனம் இல்லாதவனா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

சக்கரத்தைக் கழற்றினார்கள். டேப்பக்கா டயரைப் படுக்கப்போட்டு, அதன் கன்னத்தில் ஜாக்கியை வைத்து, ஜீப்பின் பம்பருக்கு அடியில் முட்டுக்கொடுத்து ஏற்றினார். வண்டியின் எடையே டயரை ரிம்மிலிருந்து பிரித்தது. நெம்புகோலால் இரண்டு பக்கமும் கிளப்பி வெளியே எடுத்தார். வெறும் ரிம். மேலே அவருடைய கையெழுத்தில் எட்டரை.

டேப்பை ஆய்வாளர் கையில் கொடுத்தார். "முதல்ல வெளிய அளங்க."

"எட்டரை."

"இப்ப டயர் உக்கார்ற பள்ளத்திலிருந்து பள்ளம். இங்க. இதுதான் கணக்கு."

ஆய்வாளர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "ஏழரை."

"ஏழரையா?" என்றார் கூட்டத்தில் ஒருவர். "அப்ப நேரம்தாங்க சரியில்ல!" இந்த முறை ஆய்வாளரும் சிரித்துவிட்டார்.

கான்ட்ராக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப இது கடையோட தப்பு! எட்டரைன்னு எழுதிக் குடுத்தது இவங்கதானே?"

"ஆமாங்க" என்றார் டேப்பக்கா. "என் தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன். அளந்ததும் நான், எழுதினதும் நான். ஒண்ணு கழிக்கணும், கழிக்கல. எழுதிக்கோங்க அய்யா. கூடவே இன்னொண்ணும் எழுதுங்க. எட்டரையே இருந்தாலும் ஓரம்தான், அகலமா வாங்குங்கன்னு அன்னைக்கே சொன்னேன். இவர் கேக்கல. ஆனா அது ரெண்டாவது. முதல்ல என்னுது."

ஆய்வாளர் பேனாவைப் படிவத்தின் மேல் வைத்தபடி நின்றார். நாலு கட்டங்களில் எதிலும் அதை எழுத இடம் இல்லை. தானாக வந்து என் தவறு என்று சொல்கிறவர்களுக்கு அந்தப் படிவத்தை அச்சடித்தவர்கள் ஒரு கட்டம் ஒதுக்கியிருக்கவில்லை. கடைசியில் ஓரத்தில், சாய்வாக, மேலிருந்து கீழாக எழுதினார்.

தம்பியின் லைசென்ஸ் தப்பித்தது. சாவி திரும்பி வந்தது. அவருடைய ஜீப்புக்கு ஒன்பதரை அங்குல ரிம்கள் வந்தன. உள்ளே அளந்தது டேப்பக்கா, எழுதியது ஃபிட்டர், மறுபடி உள்ளே அளந்தது தம்பி. முதலாளி ஒரு வாரம் கடைப்பக்கம் வராதே என்றார். நாலாவது நாள் யாரோ ஒருவர் பதினொன்றரை டயரைத் தூக்கிக்கொண்டு வந்து, எந்த ரிம் போடலாம் என்று கேட்க, அட்டவணையைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் அவரே கூப்பிட்டனுப்பினார். அட்டவணைக்குக் கீழே இப்போது சிவப்பு மையில் ஒரு வரி இருக்கிறது: அளந்தவரே எழுதக் கூடாது.

இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மற்ற இரண்டு ஜீப்புகளின் ரிம்கள் மாறவில்லை. மேடையில் கழற்றிய சக்கரத்தையே அன்று மாலை திருப்பி மாட்டிக்கொண்டு போனார்கள். விபத்து நடந்த வண்டியைப் பற்றி மட்டும்தான் ஆணை; மற்றவற்றுக்குத் தனியாக ஆய்வு, தனியாகக் கோப்பு. கோப்பு மேலே போயிருக்கிறது என்கிறார்கள். எங்கே மேலே என்று கேட்டால் கையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு காலையும் அந்த இரண்டு ஜீப்புகளிலும் இருபத்திரண்டு பேர் மலை ஏறுகிறார்கள்.

அதனால் டேப்பக்கா இப்போது கடைக்குப் போவதற்கு முன்னால் மலையடிவாரத்துக்குப் போகிறார். ஜீப்புகள் அங்கே ஆட்களை ஏற்ற நிற்கும். மழை இல்லாத நாட்களில் சாலை ஓரத்துத் தளம் காய்ந்திருக்கும். ஒவ்வொரு டயரிலும் குறுக்காக ஒரு கோடு போடுவார். டிரைவர்கள் திட்டிக்கொண்டே பத்தடி உருட்டுவார்கள்.

"அக்கா, தினமும் இதே கோடு, தினமும் இதே அழிவு. என்ன மாறப் போகுது?"

"மாறல. அதை எல்லாரும் பார்க்கட்டும்."

பார்க்கிறார்கள். போன வாரம் ஆறு பேர் பார்த்துவிட்டு ஏறாமல் நடந்தே போனார்கள். தாமதமாக வந்ததற்காகக் குவாரியில் அவர்களுக்கு அரைநாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த வாரம் ஒன்பது பேர். கட்டுப்போட்ட கையோடு அந்த அம்மாவும் வந்து நிற்கிறார், ஏறுவதற்கு அல்ல, சாக்பீஸ் பெட்டியைப் பிடித்துக்கொள்வதற்கு.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். பெரிய டயர் போட்ட ஏதாவது ஒரு வண்டி உங்களையோ உங்கள் வீட்டாரையோ ஏற்றிக்கொண்டு போகிறது என்றால், ஏறுவதற்கு முன்னால் அதன் டயரில் ஓரம் முதல் ஓரம் வரை ஒரு கோடு போடுங்கள். காய்ந்த, சமமான தரையில் பத்தடி உருட்டச் சொல்லுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் முதலில் காற்றைச் சரி பாருங்கள். காற்று சரியாக இருந்தும் ஓரங்கள் வெள்ளையாகவே நின்றால், ரிம்மின் அகலத்தைக் கேளுங்கள். உள்ளே அளந்ததா, வெளியே அளந்ததா, யார் அளந்தார்கள், யார் எழுதினார்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை ஏறாதீர்கள். உங்களுக்குப் பின்னால் நிற்கிறவர் கையிலும் ஒரு சாக்பீஸைக் கொடுங்கள்.